வேலைக்கு முன் வாங்கிய கையெழுத்து

முறைப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்த மேசையில் நீண்ட காலம் இருந்தவன், தீர்த்து வைத்த பிணக்குகளைப் பற்றி எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். அப்படிச் சிலவும் உண்டு. ஆனால் நான் எழுத எடுத்தது, பதிவேட்டின்படி ஒழுங்காக முடிந்த ஒரு முறைப்பாட்டை. அந்தக் கோப்பு இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பிழையும் அகப்படாது. பிழை அகப்படாதபடி அதைச் செய்து வைத்தவன் நான்.

யுத்த காலம். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்தில் நிற்கும் கடற்படைப் படகுகள் தெரிகிற ஒரு தொலைபேசி அலுவலகம். திருகோணமலையில் அங்கேதான் முறைப்பாடுகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். அதற்கு முன் கொழும்பில் ஒரு பத்திரிகையில் மூன்று வருடம் செய்தி திருத்துகிற வேலை. யார், எங்கே, எப்போது என்பதை மூன்று வரியில் எழுதவும், வாசிப்பவர் மறுத்துக் கேட்க இடம் வைக்காமல் ஒரு வசனத்தை முடிக்கவும் அங்கே பழகினேன். முறைப்பாட்டு வேலைக்கு இது நல்ல பயிற்சி என்று அப்போது நினைத்தேன்.

ஒரு முறைப்பாட்டை முடிப்பதற்கு அந்த நாளில் ஒரு மஞ்சள் துண்டு வேண்டும். ‘பழுது திருத்தப்பட்டது. பேசிப் பார்த்துத் திருப்தியடைந்தேன்’ என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே சந்தாதாரரின் கையெழுத்து. நகரத்துக்குள் இதில் சிக்கல் இல்லை. கிண்ணியாப் பக்கம் போவதென்றால் கதை வேறு. சீனன்குடா சென்றியில், அதாவது இராணுவக் காவலரணில், வாகனத்தை நிறுத்தி எல்லாரும் இறங்க வேண்டும். லைன்மன் கொண்டு போகும் கம்பிச் சுருளை இராணுவத்தினர் அளந்து பார்ப்பார்கள். திரும்பி வரும்போதும் அளப்பார்கள். குறடு எத்தனை, ஏணி எத்தனை, எந்த இலக்க முறைப்பாட்டுக்காகப் போகிறார்கள் என்று நான் எழுதிக் கொடுக்கும் கடிதம் இல்லாமல் ஓரடி தாண்ட ஏலாது. அதன் பிறகு கிண்ணியாத் துறை. அப்போது பாலம் இல்லை. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி இறக்கும் மிதவையைத்தான் ‘பாதை’ என்போம். பின்னேரம் பாதை நின்று விட்டால் அக்கரையிலேயே தங்க வேண்டியதுதான். தங்க யாரும் விரும்பமாட்டார்கள்.

பழுது பெரும்பாலும் வீட்டில் இருக்காது. வீட்டுக்கு ஒரு மைல் தள்ளி ஏதாவதொரு கம்பத்தில் இருக்கும். கம்பத்தில் ஏறித் திருத்திவிட்டுக் கையெழுத்துக்காக மறுபடியும் வீட்டுக்குப் போனால் பாதை போய்விடும். ஆகவே லைன்மன்மார் முதலில் வீட்டுக்குப் போய்க் கையெழுத்தை வாங்கினார்கள். அதன் பிறகு கம்பத்துக்குப் போனார்கள். இந்த ஏற்பாட்டை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். சனங்கள் மறுக்கவில்லை. “இவ்வளவு சென்றியத் தாண்டி எங்களுக்காக வாறீங்க, ஒரு கையெழுத்த முன்னுக்கு வெச்சா என்ன குறையப் போகுது?” என்று ஒருவர் சொன்னாராம். அதை நான் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

கிண்ணியாவுக்கு அப்பால், களப்போரமாக, குறிஞ்சாக்கேணி. அங்கே தொலைபேசி இருந்த ஒரு சில வீடுகளில் சுலைஹா ராத்தாவின் வீடும் ஒன்று. அக்கா என்பதை அங்கே ராத்தா என்பார்கள். கணவர் இல்லை. வீட்டு முன்பக்கத்தில் சின்னக் கடை. ஒரே மகன் நியாஸ். வயலை ஈடு வைத்து அவனை வளைகுடா நாடொன்றுக்கு அனுப்பியிருந்தார். துணிக்கடை வேலை என்று சொல்லித்தான் கிண்ணியாவிலிருந்த ஏஜென்சிக்காரர் அனுப்பினார். போய் இறங்கிய பிறகுதான் பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற வேலை என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முதலாளி தீவனம் வாங்க நகரத்துக்கு வருவார், இவனையும் கூட்டி வருவார். அவர் ஜும்ஆத் தொழுகை முடித்து வரும் வரையில் இவனுக்கு ஒரு பொதுத் தொலைபேசிக்குப் போய்வர நேரம் கிடைக்கும்.

முதல் வெள்ளி அழைத்தான். சுகமாக வந்து சேர்ந்ததாகச் சொன்னான். இரண்டாம் வெள்ளி அழைத்து அழுதான். மூன்றாம் வெள்ளிக்கு முன் லைன் செத்துப்போனது.

இவ்வளவையும் நான் ஒரேயடியாகத் தெரிந்துகொள்ளவில்லை. ராத்தா கிண்ணியாவுக்குப் போய் ஒரு கடையிலிருந்து எங்களை அழைத்தபோது எனக்குத் தெரிந்தது பெயரும் ஊரும் இலக்கமும்தான். பதிந்தேன். கடிதம் எழுதிக் குணமண்ணையை அனுப்பினேன்.

குணமண்ணை எங்கள் லைன்மன்மாரில் மூத்தவர். கிளிவெட்டிக்காரர். அங்கே வயலையும் வீட்டையும் விட்டுவிட்டு நகரத்தில் ஒரு அறையில் குடும்பத்தோடு இருந்தார். அன்று அவர் பின்னேரப் பாதையில் திரும்பி வந்து, ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“ஏற விடேல்லத் தம்பி. கம்பத்துக்குக் கீழ புதுசா ஒரு சென்றி போட்டிருக்கிறாங்கள். ஏணியைச் சாத்தினதுதான் தாமதம், ஆமிப் பொடியன் துவக்கை நீட்டிப்போட்டான். நான் கம்பியைக் காட்டி ‘ரெலிபோன், ரெலிபோன்’ எண்டிறன். அவன் ரோட்டைக் காட்டி ‘யண்ட, யண்ட’ எண்டிறான். சிங்களத்தில, போகட்டாம். அவனுக்கும் ஒரு சொல்லுத்தான், எனக்கும் ஒரு சொல்லுத்தான். எவ்வளவு நேரம் கதைக்கிறது?”

“கையெழுத்து?”

“அது முதலே வாங்கியாச்சு. அந்த மனுசி தேத்தண்ணியும் தந்தது. குடிச்ச தேத்தண்ணிக்காவது வேலை செய்யவேணும். துண்டை வைச்சிருங்கோ, முடிச்சிடாதேங்கோ. விட்டவுடன நான் திரும்பப் போறன்.”

“வையுங்கோ, நான் பாக்கிறன்,” என்றேன்.

முடித்துவிட வேண்டாம் என்று அவர் சொன்னதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மாதத்தின் கடைசி நாள். தீராத முறைப்பாடுகளின் பட்டியல் கொழும்புக்குப் போக வேண்டும். யுத்தப் பிரதேசத்தில் இருந்துகொண்டு எங்கள் அலுவலகம் மற்ற இடங்களைவிட நன்றாகச் செய்கிறது என்று தலைமையகத்திலிருந்து இரண்டு முறை பாராட்டு வந்திருந்தது. அன்று பட்டியலில் தவணை கடந்து நின்றது ஒன்றே ஒன்று. குறிஞ்சாக்கேணி. அதற்குரிய மஞ்சள் துண்டு கையெழுத்தோடு என் மேசையில் கிடந்தது. இரண்டொரு நாளில் குணமண்ணை எப்படியும் திருத்திவிடுவார் என்று எண்ணிக்கொண்டு, திகதியைப் போட்டு முடித்தேன். பட்டியல் வெறுமையாகப் போனது.

அந்த வாரமே கிண்ணியா வீதியில் ஒரு சம்பவம் நடந்து பாதை நின்றது. பத்து நாள் கழித்துத் திறந்தபோது குணமண்ணை ஏணியோடு வந்து நின்றார்.

“கடிதத்தைத் தாங்கோ. அந்த மனுசியின்ர வேலையை முடிச்சிட்டு வாறன்.”

அப்போதுதான் நான் செய்தது எனக்கே விளங்கியது. முடிந்துபோன முறைப்பாட்டுக்கு அனுமதிக் கடிதம் எழுத ஏலாது. சென்றியில் கடிதத்தைப் பார்ப்பவர்கள் எங்கள் பட்டியலின் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் விடுவார்கள். திரும்பத் திறப்பதென்றால் பொறுப்பதிகாரியிடம் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் எழுதினால், வேலைக்கு முன் கையெழுத்து வாங்கும் கதை முழுவதும் வெளியே வரும்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. அந்தப் பக்கம் இன்னொரு பழுது வரட்டும். சேர்த்துப் போகலாம்.”

அவர் ஏணியை எடுத்துக்கொண்டு திரும்பினார். வாசலில் நின்று, “அந்த மனுசி பாத்துக்கொண்டிருக்கும் தம்பி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்தா அலுவலகத்துக்கு முதன்முறை வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமை. விடியப் புறப்பட்டு, பாதை கடந்து, சீனன்குடாவில் இறங்கி ஏறி, பத்து மணிக்கு என் முன்னால் கதிரையில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அன்றைக்கென்று பக்கத்து மேசையில் தலைமையகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, லைன் இன்னும் செத்துத்தான் கிடக்கு. வந்த ஆக்கள் திரும்ப வரல்ல.”

நான் கோப்பை எடுத்தேன். என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பக்கங்களைப் புரட்டினேன். “ராத்தா, திருத்தியாச்சு எண்டு இருக்கே. பேசிப் பார்த்தனீங்கள் எண்டு உங்கட கையெழுத்தும் இருக்கு.”

“அது வேலைக்கு முதல் வெச்சது. அந்த ஏணி அண்ணன்தான் கேட்டாரு. பாதை போயிரும் எண்டு சொன்னாரு. உங்கட ஆக்கள் எல்லாருக்கிட்டயும் அப்பிடித்தானே வாங்குற?”

பக்கத்து மேசையில் பேனா எழுதுவதை நிறுத்தியது. எனக்கு அது கேட்டது.

“அப்பிடி ஒரு நடைமுறை எங்களிட்ட இல்லை, ராத்தா,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. நான் ஏதோ சரியாகத் தெரிந்துகொள்ளாமல் சொல்கிறேன் என்று நினைத்து, விளக்கிச் சொல்லத் தொடங்கினார். மகனைப் பற்றிய விபரம் முழுவதும் அப்போதுதான் வந்தது.

“போன முறை அவன் அழக்குள்ள நான் ‘பொறு மகன், பழகிரும்’ எண்டு சொல்லிட்டன். வயல் ஈட்டுல இரிக்கு, அந்த நினைப்புல சொல்லிட்டன். அதுக்குப் பொறகுதான் ஏஜென்சிக்காரர்ட்டப் போய்க் கேட்டன். மூணு மாசத்துக்குள்ள அவன் தன்ட வாயால எனக்குச் சொன்னா நான் திருப்பி எடுக்கிறன், மூணு மாசம் தாண்டினா ரெண்டு வருசம் முடிச்சுத்தான் வரேலும் எண்டு சொல்றாரு. நான் சொல்லாம அவன் திரும்பி வாறன் எண்டு சொல்லமாட்டான் தம்பி. உம்மா பொறுக்கச் சொன்னா எண்டு பொறுத்துக்கிட்டு இரிப்பான். வயல் போனாப் போகட்டும். நான் அவனுக்கு ‘வா’ எண்டு ஒரு சொல் சொல்லணும். அதுக்குத்தான் லைன்.”

“நீங்க அவருக்கு எடுக்க ஏலாதோ?”

“அவன் ரோட்டுல இரிக்கிற போன்ல இருந்து எடுக்கிறவன். அவனுக்கு எங்க நம்பர்?”

ஒரு சொல். அதற்கு அப்போது ஐந்து வெள்ளிக்கிழமைகள் மிச்சமிருந்தன. நான் செய்ய வேண்டியது என்ன என்று உங்களில் எவருக்கும் தெரியும். பக்கத்து மேசைக்குக் கேட்கும்படியாக, “கையெழுத்து வேலைக்கு முன் வாங்கியது, முறைப்பாட்டைத் திறக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது வேறு. “உங்கட போன்தான் பழுதாயிருக்கும் ராத்தா. அடுத்த கிழமை அதைக் கழற்றிக்கொண்டு வாங்கோ, பாத்துத் தாறன்.”

முறைப்பாட்டுக்காரரைத் திருப்பி அனுப்ப எங்கள் தொழிலில் இருந்த பழைய வழி அது. இன்று வேறு சொற்களில் சொல்வீர்கள். பெட்டியை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள் என்பீர்கள். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். அந்தச் சில வேளைகளுக்குப் பின்னால்தான் நாங்கள் ஒளிந்து கொள்கிறோம்.

அடுத்த திங்கள் அவர் தொலைபேசியைத் துவாயில் சுற்றி, சந்தைக்குப் போகும் பையில் வைத்துக் கொண்டு வந்தார். சீனன்குடாவில் அதை வெளியே எடுக்கச் சொல்லி, ஒரு படையாள் ரிசீவரைக் காதில் வைத்து ‘ஹலோ’ சொல்லிச் சிரித்தாராம். ராத்தா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் அதை எங்கள் சுவரிலிருந்த இணைப்பில் மாட்டினேன். பக்கத்து மேசைக்குத் திரும்பியிருந்த நண்பரிடம் அந்த இணைப்புக்கு அழைக்கச் சொன்னேன். என் மேசையில் அது அடித்தது. நன்றாக, உரத்து அடித்தது.

நான் கை நீட்டுவதற்கு முன் ராத்தா பாய்ந்து ரிசீவரை எடுத்துவிட்டார். “மகன்? மகன், வா மகன்…”

அடுத்த மேசையிலிருந்து நண்பர், “அம்மா, நான் இங்கயிருந்துதான் கதைக்கிறன்,” என்றார். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ராத்தாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

“போன் நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

“அப்ப லைன்தானே தம்பி?”

“பாப்பம்.”

அவர் அதை மறுபடி துவாயில் சுற்றினார். நான் ஒரு முனையைப் பிடித்து உதவி செய்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் வரவில்லை. ஊர்ப் பள்ளிவாசலில் எழுத்து வேலை பார்த்த ஒருவரைக் கொண்டு தலைமையகத்துக்கு ஒரு மனு எழுதுவித்தார். வேலைக்கு முன் கையெழுத்து வாங்கியதையும், யாரும் திரும்ப வராததையும், மூன்று மாதத் தவணையையும் அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார். மனு விளக்கம் கேட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தது. எந்த அதிகாரிக்கு எதிராக முறைப்பாடு செய்யப்பட்டதோ அதே அதிகாரியிடம் பதிலெழுதச் சொல்லும் வழக்கம் அன்றிருந்தது. இன்றும் இருந்தால், இந்தக் கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் அதை மாற்றப் பாருங்கள்.

நான் பத்திரிகையில் பழகியதையெல்லாம் ராத்தாவுக்கான அந்தப் பதில் கடிதத்தில் காட்டினேன். திகதிகள், இலக்கங்கள், லைன்மன் சென்ற நேரம், பாதையால் திரும்பிய நேரம். எல்லாம் உண்மை. கருவியைப் பரிசோதித்ததையும் அது நன்றாக இயங்கியதையும் எழுதினேன். அதுவும் உண்மை. மஞ்சள் துண்டின் பிரதியை இணைத்தேன். கடைசி வசனத்தை மூன்று முறை திருத்தியது நினைவிருக்கிறது: ‘பழுது திருத்தப்பட்டதைத் தாங்களே கையொப்பமிட்டு உறுதிப்படுத்தியுள்ளமையால், இம்முறைப்பாட்டில் மேலதிக நடவடிக்கைக்கு இடமில்லை.’ தலைமையகம் அதை ஏற்றுக்கொண்டு, என் கையொப்பத்தோடேயே அவருக்கு அனுப்பச் சொன்னது. அனுப்பினேன்.

மூன்று மாதம் கடந்தது. அதற்கும் இரண்டு கிழமைக்குப் பிறகு குறிஞ்சாக்கேணி மருந்தகத்தின் லைன் பழுதாகி, ஒரு புதிய இலக்கம் கிடைத்தது. குணமண்ணை போனார். அன்று மத்தியானம் என் தொலைபேசி அடித்தது.

“தம்பி, மருந்தகம் சரி. அந்த மனுசியின்ர கம்பியையும் சேர்த்துக் கட்டிப்போட்டன். கம்பத்துக்குக் கீழ இருந்த சென்றியை எடுத்திட்டாங்கள், அஞ்சு நிமிச வேலை. கம்பத்தில கழண்டு கிடந்திருக்கு, வேறொண்டும் இல்லை. எங்கயும் எழுதாதேங்கோ. மனுசியின்ர வீட்டிலயிருந்துதான் கதைக்கிறன், இந்தா குடுக்கிறன்.”

ரிசீவர் கை மாறியது. ராத்தாவின் குரல். “கேக்குது தம்பி. நல்லாக் கேக்குது.”

மூன்று மாதம் என்னவாயிற்று என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு காலைப்பொழுதில் கறுத்து மெலிந்த இளைஞன் ஒருவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“சேர், நான் குறிஞ்சாக்கேணி. சுலைஹாட மகன் நியாஸ். வெளிநாட்டுல இருந்து வந்து ரெண்டு கிழமை. ஒரு விசயம் மட்டும் கேட்டுட்டுப் போறன். செத்த லைனுக்கு மணி அடிக்குமா?”

“ஏன் கேக்கிறீங்கள்?”

“நான் மூணு மாசம் முடியிற மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் ஊட்டுக்கு எடுத்தன். ஒவ்வொரு வெள்ளியும் மணி அடிச்சிது. யாரும் தூக்கல்ல. லைன் செத்துக் கிடந்த எண்டு உம்மா சொல்றா. செத்த லைன் எப்பிடி அடிக்கும்? வயல் ஈட்டுல இரிந்த, நான் திரும்பி வந்தா மீட்க ஏலாது. அதான் உம்மா பேசாம அடிக்க விட்டா எண்டு நான் நினைச்சன். பொறகு எடுக்கவே இல்ல. இப்பவும் அதான் நினைக்கிறன். நான் மாமி ஊட்டுலதான் சாப்பிடுற, படுக்கிற.”

நான் எழுந்து, என் மேசையிலிருந்த தொலைபேசியின் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றினேன். கழன்ற முனையை அவன் பார்க்கும்படி மேசையில் வைத்தேன். பக்கத்து மேசை ரிசீவரை அவன் கையில் கொடுத்து, என் இலக்கத்தைச் சொல்லி அழுத்தச் சொன்னேன்.

அவன் காதில் வைத்தான். என் தொலைபேசி சத்தமில்லாமல் கிடந்தது. அவன் கண் அதிலேயே இருந்தது. அவன் காதில் என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். கம்பி அறுந்ததோ கழன்றதோ, அழைப்பவரின் காதில் மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த மணியை அனுப்புவது எங்கள் அலுவலகம். மறுமுனையில் வீடு இருக்கிறதா, கம்பி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

அவன் வெகுநேரம் ரிசீவரை வைக்கவில்லை. தானாகவே தொடர்பு அறுந்து போகும் வரை கேட்டான்.

“இப்பிடித்தான் அடிச்சிது,” என்றான்.

“உங்கட உம்மா இந்த லைனுக்காக இரண்டு தரம் இங்க வந்தவ,” என்றேன். அதோடு நின்றிருக்கலாம் என்று நினைத்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து விரித்தான்.

“அப்ப இது? உம்மாட அலுமாரியில இரிந்த. இதுல திருத்தியாச்சு எண்டு இரிக்கே. இதைப் பார்த்துட்டுத்தான் உம்மா பொய் சொல்றா எண்டு நான் முடிவே எடுத்த. இது உங்கட கையெழுத்துத்தானே, சேர்?”

என் கடிதம். மறுத்துக் கேட்க இடம் வைக்காமல் எழுதிய அந்தக் கடைசி வசனம். அதை மறுத்துப் பேச ராத்தாவுக்கும் மகன் முன்னால் இடமில்லாமல் போயிருந்தது.

“ஓம், என்ர கையெழுத்துத்தான்,” என்றேன்.

“அப்ப இது பொய்யா?”

பொறுப்பதிகாரியின் அறைக் கதவு திறந்திருந்தது. என் பதவி உயர்வுக்கான நேர்முகம் அடுத்த மாதம் இருந்தது. இவற்றைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டவை எவை என்று சொல்கிறேன்.

“லைன்மன் திருத்தியாச்சு எண்டு துண்டைக் கொண்டு வந்து தந்தவர். நாங்கள் அதை நம்பி எழுதினது. செய்யாம விட்டது எங்களுக்குத் தெரியாது.”

“ஆரு, அந்த ஏணி அண்ணனா?”

ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடிக்குள் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம்.

“ஓம்,” என்றேன்.

அவன் கடிதத்தை மடித்தான். “அவரு எங்கட ஊட்டுல தேத்தண்ணி குடிச்ச ஆள் எண்டு உம்மா சொன்னா,” என்றான். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது எனக்கு நன்றி சொன்னான்.

அன்றே அவன் தாயின் வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பணியில் நான் தீர்த்து வைத்த பிணக்குகளை எண்ணினால் இதையும் சேர்க்க வேண்டும். தாயும் மகனும் சேர்ந்தார்கள். பழி மட்டும் இடம் மாறியது. முடிக்க வேண்டாம் என்று சொன்னவரின் தலையில் போய் இருந்தது. கணக்கில் எழுதாமல் அந்தக் கம்பியைக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.

சில மாதங்களுக்குப் பிறகு குணமண்ணை குறிஞ்சாக்கேணியில் ஒரு வேலைக்குப் போய்த் திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

“தம்பி, அந்தக் கடை மனுசி என்னைக் கண்டுட்டு உள்ளுக்குப் போகுது. மகன்காரன் வாசல்ல வந்து நிண்டு, இந்த மதிலில ஏணி சாத்தாதேங்கோ எண்டிறான். நான் என்ன பிழை விட்டனான்? நானே வலியப் போய்க் கட்டிக் குடுத்த லைன் அது. நீங்கள் முறைப்பாட்டுக்காரர்தானே. ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோவன்.”

“விசாரிச்சுச் சொல்லுறன் அண்ணை,” என்றேன்.

அதன் பிறகு எந்த வீட்டிலும் அவர் வேலைக்கு முன் கையெழுத்து வாங்கவில்லை. பாதை போனாலும் சரி என்று திரும்ப நடந்து போவார். இருமுறை அக்கரையில் தங்கியும் வந்தார். ஏன் என்று மற்றவர்கள் கேட்டால், “எங்கயோ ஒரு பிழை நடந்திருக்கு, அது இதிலதான் இருக்கவேணும்,” என்பார். தானாகவே அவ்வளவு தூரம் கண்டுபிடித்திருந்தார். மிச்சத்தை நான் சொல்லவில்லை. நேர்முகத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இன்று உங்களுடைய கணினி, குறித்த நேரம் கடந்தால் ‘உங்கள் முறைப்பாடு முடிக்கப்பட்டது’ என்று வாடிக்கையாளருக்குத் தானாகவே குறுஞ்செய்தி அனுப்புகிறது என்று கேள்விப்பட்டேன். நல்ல ஏற்பாடு என்று உங்களில் ஒருவர் எனக்குச் சொன்னார். நானும் ஒரு நல்ல ஏற்பாடு செய்தவன். பட்டியல் வெறுமையாக இருக்கும் நாளில், பட்டியலை மூடி வைத்துவிட்டு, அந்த இலக்கங்களில் ஒன்றுக்காவது நீங்களே அழைத்துப் பாருங்கள். மணி அடித்தால் போதாது. யாராவது எடுக்க வேண்டும்.

கட்டுரையை எழுதச் சொல்லிக் கேட்ட பிறகு, போன மாதம் கிளிவெட்டிக்குப் போனேன். குணமண்ணை ஊர் திரும்பி வயல் செய்கிறார். காது கொஞ்சம் மந்தம். மற்றபடி சுகம். பழைய கதைகள் எல்லாம் கதைத்தோம். சென்றிப் பொடியனோடு ‘ரெலிபோன், யண்ட’ என்று வாதாடிய கதையை மறுபடியும் சொல்லிச் சிரித்தார். பிறகு, “அந்தக் குறிஞ்சாக்கேணி மனுசியின்ர விசயம் கடைசிவரை பிடிபடேல்ல, என்ன?” என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து அவர் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார்.

“குடியுங்கோ தம்பி, ஆறப்போகுது,” என்றார் குணமண்ணை.

குடித்துவிட்டு வந்தேன்.